பள்ளி உணவுத் திட்டத்தில் கணக்கும் கற்பனையும்: எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது?

கேள்வி – உணவுத் திட்ட மேலாளர்

அனைவருக்கும் வணக்கம். ஒரே மையச் சமையற்கூடத்திலிருந்து பல பள்ளிகளுக்கு மதிய உணவு அனுப்பும் திட்டமொன்றை நிர்வகித்து வருகிறேன். என்னிடம் வரும் கோரிக்கைகள் இரண்டு திசைகளிலிருந்து வருகின்றன. ஒரு தட்டுக்கு ஆகும் செலவு சென்ற பருவத்தைவிட ஏன் கூடியது என்று நிதிக்குழு கேட்கிறது. பிள்ளைகள் ஒரே சாப்பாட்டைப் பார்த்துச் சலித்துவிட்டார்கள், புதிதாக ஏதேனும் செய்யக்கூடாதா என்று ஆசிரியர்களும் பெற்றோரும், ஏன், சமையற்காரர்கள் சிலரும்கூடக் கேட்கிறார்கள். இரண்டையும் நான் நியாயமான கோரிக்கைகளாகவே கருதுகிறேன். ஆனால் ஒன்றைக் கையில் எடுத்தால் மற்றது நழுவுகிறது. செலவை இறுக்கிப் பிடித்த மாதங்களில் உணவுப்பட்டியல் சுருங்கித் தட்டுகளில் மீதம் பெருகுகிறது. புதுமைக்கு வழிவிட்ட மாதங்களில் கொள்முதல் சிதறி, இருப்பறையில் பாதி பயன்படுத்திய மூட்டைகள் தேங்குகின்றன.

அனுபவமுள்ளவர்களிடம் நான் அறிய விரும்புவது இதுதான். வணிகக் கண்ணோட்டத்தையும் படைப்புக் கண்ணோட்டத்தையும் ஒரே ஆள் சுமப்பது சரியா, அல்லது இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்துவிட வேண்டுமா? ஒரு புதிய உணவைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன் எதையெல்லாம் பார்க்கிறீர்கள்? புதிய முயற்சிகளால் ஆகும் செலவை நிதிக்குழுவிடம் எந்த மொழியில் எடுத்துச் சொல்கிறீர்கள்?

மறுமொழி – மூத்த நிர்வாகி

வணக்கம். தங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விடை அதிலிருந்துதான் பிறக்கிறது. நிதிக்குழுவிடம் நாம் வழக்கமாகக் கொடுக்கும் எண், பரிமாறிய தட்டு ஒன்றுக்கான செலவு. அந்த எண்ணை வைத்துக்கொண்டு பேசும்வரை எந்தப் புதிய முயற்சியும் வீண்செலவாகவே தெரியும். பிள்ளைகள் வயிற்றுக்குள் போன உணவுக்கு என்ன செலவானது என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு, தட்டு ஒன்றுக்கு 10 அலகு செலவாகி, அதில் 30 விழுக்காடு குப்பைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். உண்ணப்பட்ட ஒரு முழுத் தட்டின் உண்மைச் செலவு 14.3 அலகு ஆகிறது. அதே உணவைச் சற்று மாற்றிச் சமைத்ததில் செலவு 11 அலகாக உயர்ந்து, மீதம் 12 விழுக்காடாகக் குறைந்தால், உண்ணப்பட்ட தட்டின் செலவு 12.5 அலகுதான். முதல் கணக்கில் விலை கூடியதாகத் தெரிந்த அதே உணவு இரண்டாவது கணக்கில் மலிவாகிவிடுகிறது.

ஒரே ஆள் சுமக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சுமக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் சுமக்கக் கூடாது. புதிய யோசனைகளைப் பேசும் கூட்டத்தில் விலைப்பட்டியல் மேசைமேல் இருந்தால் முதல் ஐந்து நிமிடத்திலேயே எல்லோரும் வாயடைத்துப் போவார்கள். கொள்முதல் ஒப்பந்தத்தைப் படிக்கும் நேரத்தில் புது யோசனை பேசினால் கையெழுத்திடும் தாளில் ஓட்டை விழும். நாங்கள் யோசனைக் கூட்டத்தையும் விலைக் கூட்டத்தையும் ஒரு வார இடைவெளியில் தனித்தனியாக வைத்துக்கொள்கிறோம். முதல் கூட்டத்தில் எழுந்தவை அனைத்தும் எழுதப்படுகின்றன. இரண்டாவது கூட்டத்தில் அவற்றுள் பெரும்பாலானவை விழுந்துவிடுகின்றன, அதைப் பற்றி யாரும் வருந்துவதில்லை.

அளவு என்று கேட்டால், சுழற்சி உணவுப்பட்டியலுக்குள்ளேயே அதற்கு இடம் ஒதுக்கிவிடுங்கள். வாரத்துக்கு 5 வேளை வீதம் 4 வாரச் சுழற்சியில் 20 வேளைகள் வருகின்றன. அவற்றில் 18 வேளைகளைப் பருவம் முழுவதும் அசையாமல் வைத்துவிட்டு, 2 வேளைகளை மட்டும் திறந்து வையுங்கள். அந்த 18 வேளைகளுக்கும் மொத்தக் கொள்முதலும் நிலையான செய்முறையும் இருப்பதால் நிதிக்குழு நிம்மதியாக இருக்கும். இந்த ஒதுக்கீட்டை ஆண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் பெற்றுவிடுவது முக்கியம். நடுவில் கேட்டுப் பெறும் அனுமதி, நடுவிலேயே திரும்பப் பெறப்படும்.

மறுமொழி – கணக்காளர்

மூத்த நிர்வாகி ஐயாவின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அதை அப்படியே நிதிக்குழுவின் முன் வைத்தால் ஒரே கேள்வியில் சரிந்துவிடும் என்று அஞ்சுகிறேன். உண்ணப்பட்ட தட்டின் செலவு 14.3 அலகிலிருந்து 12.5 அலகாகக் குறைந்தது சரி. வங்கிக் கணக்கிலிருந்து வெளியேறிய தொகை 10 அலகிலிருந்து 11 அலகாகக் கூடியிருக்கிறதே, அந்த ஒரு அலகு எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். குப்பைத்தொட்டியில் விழாமல் தப்பிய உணவு தானாகப் பணமாக மாறுவதில்லை. அது பணமாக மாறும் வழிகள் மூன்றுதான் எனக்குத் தெரிகின்றன.

முதல் வழி, மீதம் குறைந்ததைப் பார்த்துச் சமைக்கும் அளவைக் குறைப்பது. பல சமையற்கூடங்களில் வருகைப்பதிவில் உள்ள மொத்த எண்ணிக்கைக்குச் சமைக்கிறார்களே தவிர, அந்த நாளில், அந்த உணவுக்கு, உண்மையில் எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்ற பழைய பதிவைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு உணவுக்கும் சமைத்தது, பரிமாறியது, பாத்திரத்திலேயே தங்கியது என்று மூன்று எண்களை நாள்தோறும் எழுதி வைத்தால், சுழற்சி இரண்டாம் முறை வரும்போது சமைக்கும் அளவை ஊகிக்க வேண்டியிருக்காது. மேசைக்கே வராத மீதத்துக்குக் காரணம் அளவுத் தவறு. தட்டில் எஞ்சிய மீதத்துக்குக் காரணம் பெரும்பாலும் சுவையோ, நேரமோ, பரிமாறிய அளவோ. இரண்டையும் ஒரே எண்ணில் கலந்து எழுதும் இடங்களில் எந்த மருந்தும் பலிக்காது.

இரண்டாம் வழி, உண்பவர்களின் எண்ணிக்கை கூடுவது. இது எல்லாத் திட்டங்களுக்கும் பொருந்தாது. ஒவ்வொரு தட்டுக்கும் அரசு மானியமோ கட்டணமோ வந்து சேரும் திட்டமாக இருந்தால், கூலி, எரிபொருள், வாகனம் போன்ற நிலைச் செலவுகள் அதிகம் பேர்மீது பரவுகின்றன. நாளொன்றுக்கு 6,000 அலகு நிலைச் செலவுள்ள கூடத்தில் 1,000 பேர் உண்டால் தலைக்கு 6 அலகு; 1,200 பேர் உண்டால் 5 அலகு. அங்கே சுவையான உணவு நேரடியாக வருவாயாக மாறுகிறது. மாறாக, ஆண்டுத் தொடக்கத்தில் தலைக்கணக்குப்படி மொத்தத் தொகை கொடுத்துவிடும் திட்டத்தில், கூடுதலாக வந்து உண்ணும் ஒவ்வொரு பிள்ளையும் கூடுதல் செலவுதான். அத்தகைய திட்டத்தில் புதுமைக்கு ஆதரவாக வருவாய் பற்றிப் பேசுவது வாதத்தையே கெடுத்துவிடும். தங்கள் திட்டம் இவற்றுள் எந்த வகை என்று தாங்கள் குறிப்பிடவில்லை. தீர்மானிக்கும் செய்தி அதுதான்.

மூன்றாம் வழி, புதிய உணவைப் பழைய இருப்பிலிருந்தே செய்வது. தாங்கள் சொன்ன பாதி மூட்டைகளுக்கு இதில்தான் விடை இருக்கிறது. பட்டியலில் ஒரே ஓர் உணவுக்காக மட்டும் வாங்கப்படும் பொருள் எதுவாயினும் அது ஐயத்துக்கு உரியது. குறைந்தது மூன்று உணவுகளிலாவது பயன்படாத பொருளை வாங்குவதில்லை என்று ஒரு விதியை வைத்துக்கொண்டால், கற்பனை ஒன்றும் குறைந்துவிடாது. இருப்பறை மட்டும் ஒழுங்காகிவிடும்.

மறுமொழி – சமையற்கூடக் கண்காணிப்பாளர்

கணக்காளர் ஐயாவின் மூன்றாம் வழியைச் சமையற்கூடத்தின் பக்கமிருந்து வழிமொழிகிறேன். எங்களிடம் வரும் யோசனைகளில் பெரும்பகுதி, புதுப் பொருள் வாங்குங்கள் என்பதாகவே இருக்கிறது. பொருளை மாற்றாமல் வடிவத்தை மாற்றுவது, வெட்டும் அளவை மாற்றுவது, வேகவைத்ததை வறுப்பது, குழைந்து போகும் காயைக் கடைசியில் சேர்ப்பது ஆகியவற்றுக்குச் செலவு ஏறக்குறைய இல்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அது வேறோர் உணவாகவே தெரிகிறது. இந்த மாற்றங்களை அலுவலகத்தில் இருப்பவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள். நாள்தோறும் பாத்திரம் கழுவுபவருக்கு எது திரும்பி வருகிறது என்று தெரியும். அவரை யோசனைக் கூட்டத்துக்கு அழைக்கும் திட்டங்கள் மிகக் குறைவு என்பது என் மனக்குறை.

சுவையில் வென்ற உணவு பேரளவில் தோற்பதை எல்லோரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 10 பேருக்கான செய்முறையை 100 மடங்காகப் பெருக்கினால் 1,000 பேருக்கான செய்முறை கிடைத்துவிடாது. பெரிய பாத்திரத்தில் கொள்ளளவோடு ஒப்பிடும்போது ஆவியாகும் மேற்பரப்பு சிறியது. எனவே அதே விகிதத்தில் தண்ணீர் ஊற்றினால் நீர்த்துப் போகும். கொதி வர நேரம் பிடிக்கும், அடுப்பை அணைத்த பிறகும் உள்வெப்பத்தால் காய் வெந்துகொண்டே இருக்கும். உப்பையும் மசாலாவையும் கணக்கிட்ட அளவுக்குக் குறைவாகத் தொடங்கி, சுவைத்துப் பார்த்துச் சேர்க்க வேண்டும். அதனால் முதலில் 10 பேருக்கும், பிறகு 100 பேருக்கும், அதன் பிறகே முழு அளவுக்கும் சமைத்துப் பார்க்கிறோம். மூன்றாம் கட்டத்தில் எழுதப்படுவதுதான் நிலையான செய்முறை. அதன் பிறகு அதில் யாரும் கைவைக்கக் கூடாது, நான் உட்பட.

மையச் சமையற்கூடம் என்பதால் இன்னொரு சோதனையும் அவசியம். சமைத்த உணவை எடுத்துச் செல்லும் கலனிலேயே மூடி, மிகத் தொலைவில் உள்ள பள்ளிக்கு எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு நேரம் வைத்திருந்து, அதன் பிறகு சுவையுங்கள். அடுப்பிலிருந்து இறக்கியவுடன் சுவைத்துப் பாராட்டிய உணவு, பிள்ளைகள் உண்ணும் உணவு அல்லவே. கூடவே வெப்பமானியையும் வையுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி உணவு 70 பாகை செல்சியசுக்கு மேல் முழுமையாக வெந்திருக்க வேண்டும், பரிமாறும்வரை 60 பாகைக்கு மேல் இருக்க வேண்டும். 5 முதல் 60 பாகை வரையிலான இடைவெளியில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. எவ்வளவு அழகான யோசனையாக இருந்தாலும் கலனில் 60 பாகையைத் தாங்காவிட்டால் அதை அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும். இதில் பேரம் கிடையாது.

கொள்முதல் விலையில் மறைந்திருக்கும் இரண்டு செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். தோலும் காம்பும் நீக்கியதில் 25 விழுக்காடு கழிந்துவிடும் காயை, 100 கிலோ சமைக்க வேண்டுமானால் 133 கிலோ வாங்க வேண்டும். அந்த 133 கிலோவையும் நறுக்குபவரின் நேரம் தனி. இவ்விரண்டையும் சேர்க்காமல் மலிவான காய் என்று எழுதி வரும் தாள்களை நான் படிப்பதே இல்லை.

மறுமொழி – ஊட்டச்சத்து ஆலோசகர்

இதுவரை எழுதியவர்களோடு பெரிதும் ஒத்துப்போகிறேன். அளவிடுவதைப் பற்றியும், ஆய்வுகளை நம்புவதைப் பற்றியும் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

பள்ளி உணவில் படைப்பாற்றல் என்றவுடன் பலரும் பழத்தின்மேல் படம் ஒட்டுவது, காய்க்கு வேடிக்கையான பெயர் சூட்டுவது போன்றவற்றைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். கார்ட்டூன் உருவம் ஒட்டிய பழத்தைப் பிள்ளைகள் அதிகம் தேர்ந்தெடுத்தார்கள் என்று 2012-இல் வெளியாகி மிகவும் பேசப்பட்ட ஆய்வு, 2017-இல் திரும்பப் பெறப்பட்டது. அதில் பங்கேற்றவர்கள் 8 முதல் 11 வயது வரையிலான பிள்ளைகள் என்று எழுதப்பட்டிருந்தது; உண்மையில் அவர்கள் 3 முதல் 5 வயதுக் குழந்தைகள். அதே ஆய்வுக்கூடத்தின் வேறு பல கட்டுரைகளும் பின்னர் திரும்பப் பெறப்பட்டன. இத்தகைய உத்திகள் எல்லாமே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பணம் செலவழிப்பதற்கு முன் தங்கள் பள்ளிகளில் இரண்டில் மட்டும் செய்து பார்த்து, செய்யாத இரண்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்கிறேன்.

ஒப்பிட்டுப் பார்க்க அளவு வேண்டும். பருவத்துக்கு ஒரு வாரம் போதும். நாள்தோறும் நிறுத்துக்கொண்டிருந்தால் ஊழியர்கள் வெறுத்துவிடுவார்கள். எல்லா மீதத்தையும் ஒரே தொட்டியில் கொட்டாமல், உணவு வகைக்கு ஒரு தொட்டி வைத்து, தோல், கொட்டை போன்ற உண்ண முடியாதவற்றைக் கழித்துவிட்டு எடை பாருங்கள். தட்டில் எஞ்சியதற்குச் சுவையைக் குறை சொல்வதற்கு முன், பிள்ளைகள் உட்கார்ந்து உண்ண எத்தனை நிமிடம் கிடைக்கிறது என்றும் பாருங்கள். இருக்கையில் அமர்ந்து உண்ணும் நேரம் 20 நிமிடத்துக்குக் குறைந்தால் மீதம் கூடுகிறது என்பது நல்ல முறையில் செய்யப்பட்ட ஆய்வுகளில் தெரியவந்தது. வரிசை மெதுவாக நகர்வதால் வரும் மீதத்துக்குப் புதிய செய்முறையால் தீர்வு வராது. பரிமாறும் இடம் இன்னொன்று திறப்பதே அங்கே தேவைப்படும் கற்பனை.

மூத்த நிர்வாகி சொன்ன திறந்த வேளைகளுக்கு வாயிற்காவலாக ஒரு விதி வேண்டும். பிரேசிலின் தேசியப் பள்ளி உணவுத் திட்டத்தில் இதற்கு எழுதப்பட்ட நெறி உண்டு. புதிய உணவைச் சேர்க்கும்போது ஏற்புச் சோதனை நடத்துகிறார்கள். முகபாவப் படங்களைக் குறித்துக் காட்டும் விருப்ப அளவுகோலில் 85 விழுக்காடு ஏற்பும், தட்டில் எஞ்சியதை எடை பார்க்கும் முறையில் 90 விழுக்காடு ஏற்பும் கிடைக்க வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அதே திட்டத்தில், நடுவண் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. அந்த விதி வந்தபின், எந்தக் காலத்தில் என்ன விளைகிறதோ அதற்கேற்பப் பட்டியலை எழுதும் வேலை ஊட்டச்சத்து வல்லுநர்கள்மேல் விழுந்தது. கொள்முதல் விதி ஒன்றே படைப்பு வேலையைத் தோற்றுவித்த எடுத்துக்காட்டாக இதை நான் பார்க்கிறேன்.

ஆனால் ஏற்புச் சோதனையைக் கண்மூடித்தனமாகப் பின்பற்ற வேண்டாம். பழக்கமில்லாத காயைச் சிறு குழந்தைகள் ஏற்றுக்கொள்ள 8 முதல் 15 முறைவரை அதைச் சுவைக்க வேண்டியிருக்கலாம் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டது. முதல் முறையிலேயே 85 விழுக்காடு கேட்டால், எந்தக் கீரையும் பட்டியலுக்குள் வராது. இனிப்பும் எண்ணெயும் மட்டுமே தேறும். எனவே பழக்கமான பொருளில் புதிய செய்முறை என்றால் உடனே சோதியுங்கள். பொருளே புதிது என்றால், ஒரு கரண்டி அளவில், விருப்பமான உணவின் பக்கத்தில், ஒரு பருவம் முழுவதும் வைத்துவிட்டுப் பிறகு சோதியுங்கள். அந்தச் சிறு கரண்டியின் மீதத்தை வீண் என்ற தலைப்பில் எழுதாமல், கல்வி என்ற தலைப்பில் எழுதச் சொல்லி நிதிக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். ஜப்பானில் 2005-ஆம் ஆண்டு உணவுக் கல்விக்கென்றே அடிப்படைச் சட்டம் இயற்றப்பட்டது. ஊட்டச்சத்து ஆசிரியர் என்ற பதவியும் அதே ஆண்டில் நடைமுறைக்கு வந்தது. பட்டியல் எழுதுபவரே வகுப்பறையிலும் பேசுகிறார் என்னும்போது, இந்தக் கரண்டி உணவின் கணக்கு தானாகவே வேறு ஏட்டுக்குப் போய்விடுகிறது.

அமெரிக்கப் பள்ளி மதிய உணவில், கொடுக்கப்படும் 5 வகைகளில் குறைந்தது 3 வகைகளைப் பிள்ளை எடுத்தால் போதும், அவற்றுள் அரைக் கோப்பைப் பழமோ காயோ இருக்க வேண்டும் என்ற ஏற்பாடு இருக்கிறது. உண்ணப்போவதில்லை என்று பிள்ளைக்கே தெரிந்த ஒன்றை அதன் தட்டில் திணிக்காமல் இருக்கிறது அந்த விதி. இதற்குப் புதுப் பொருளும் தேவையில்லை, புதுச் சமையற்காரரும் தேவையில்லை.

மீண்டும் – உணவுத் திட்ட மேலாளர்

நேரம் ஒதுக்கி எழுதிய அனைவருக்கும் நன்றி. கணக்காளர் ஐயா கேட்டதற்கு: எங்களுடையது ஆண்டுத் தொடக்கத்தில் தலைக்கணக்குப்படி நிதி வரும் திட்டம். ஆகவே உண்பவர் எண்ணிக்கை கூடுவதை வருவாயாகக் காட்டும் வாதத்தை விட்டுவிடுகிறேன். அடுத்த பருவத்தில் 20 வேளைகளில் 2 வேளைகளைத் திறந்து வைப்பதற்கும், சமைத்தது, பரிமாறியது, தங்கியது என்ற மூன்று எண்களையும் தனித்தனியாக எழுதுவதற்கும் ஒப்புதல் கேட்கவிருக்கிறேன். தொலைவான பள்ளிக்கான கலன் சோதனையை இந்த வாரமே தொடங்கிவிடலாம் என்று கண்காணிப்பாளர்கள் சொல்கிறார்கள்.

இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது. எங்களிடம் கொள்முதல் ஒப்பந்தங்கள் ஆண்டு முழுமைக்கும் போடப்படுகின்றன. திறந்த வேளைகளில் எந்தப் பொருள் வரும் என்று தெரியாத நிலையில் அவற்றுக்கு எப்படி ஒப்பந்தம் போடுவது? சோதனையில் தோற்ற உணவை நிறுத்துவது யார் முடிவாக இருக்க வேண்டும்?

மறுமொழி – கணக்காளர்

முதலில் ஒப்பந்தம். அசையாத 18 வேளைகளுக்கான பொருள்களை மட்டும் ஆண்டு ஒப்பந்தத்தில் வையுங்கள். அந்த ஒப்பந்தத்திலும் அளவைக் கட்டாயக் கொள்முதலாக எழுதாமல் உச்ச வரம்பாக எழுதி, ஒவ்வொரு மாதமும் தேவைக்கேற்ப ஆணை அனுப்பும் உரிமையைத் தக்கவைத்துக்கொள்ளுங்கள். சமைக்கும் அளவு குறையும்போது அந்தச் சேமிப்பு உண்மையில் தங்கள் கைக்கு வருவது இதனால்தான். திறந்த 2 வேளைகளுக்குப் பொருளின் பெயரைக் குறிக்காமல் ஒரு தொகையை மட்டும் ஒதுக்கி, குறுகிய கால விலைக்கேட்பு முறையில் வாங்குங்கள். மொத்த விலையைவிட அது சற்றுக் கூடும். கூடுவது 2 வேளைகளுக்கு மட்டும் என்பதால், முழுக் கணக்கில் எவ்வளவு உறுத்தும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுக் காட்டிவிடலாம்.

நிறுத்தும் முடிவு தங்களுடையதாகவே இருக்கட்டும், ஆனால் நிறுத்துவதற்கான எண்ணை உணவு அறிமுகமாகும் நாளுக்கு முன்பே எழுதிக் கையெழுத்திட்டு வைத்துவிடுங்கள். பழக்கமான பொருளில் செய்த உணவானால், இரண்டு சுழற்சிகள் முடிந்த பின்னும் தட்டு மீதம் குறித்த வரம்புக்கு மேல் இருந்தால் நிறுத்தம். புதிய பொருளானால் ஆலோசகர் அம்மையார் சொன்னபடி ஒரு பருவம். அந்தத் தாளின் ஒரு படி நிதிக்குழுவிடமும், ஒரு படி சமையற்கூடத்திலும் இருக்க வேண்டும். ஓரிரு புகார்க் கடிதங்கள் வந்தவுடன் உணவை நிறுத்தச் சொல்லி அழுத்தம் வரும்போதும், தமக்குப் பிடித்த உணவு என்பதற்காகச் சமையற்காரர் அதை நீட்டிக்கக் கேட்கும்போதும் எடுத்துக் காட்ட வேண்டியது அதே தாளைத்தான்.